வீட்டில் கலந்த செல்ஃப் ரெய்சிங் மாவு சரிவரவில்லையா? அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சமையல் குறிப்பில் செல்ஃப் ரெய்சிங் மாவு, அதாவது எழுப்பும் பவுடர் முன்பே கலந்த மாவு என்று இருக்கும். வீட்டில் இருப்பதோ சாதாரண மைதா. பேக்கிங் பவுடரைச் சேர்த்துக் கலந்துகொண்டால் போதும் என்பது பலருக்கும் தெரியும். அப்படிக் கலந்து செய்த கேக் காலை வாரிவிட்டால் உறவினர்களும் நண்பர்களும் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் திரும்பத் திரும்ப அதே கேள்விகளைத்தான் கேட்கிறேன். நாளடைவில் அந்தக் கேள்விகள் தாமாகவே ஒரு வரிசைக்கு வந்துவிட்டன. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் கேக்கில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவே இல்லாத காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வரும்.

போவதற்கு முன் ஒரு வேண்டுகோள். கேக் எழும்பவில்லை என்றதும் பெரும்பாலோர் அடுத்த முறை பேக்கிங் பவுடரைக் கூடுதலாகப் போடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். குறிப்பில் உள்ள அளவு போதாமல் கேக் கெடுவது மிக அரிது. பவுடர் வீரியம் இழந்திருக்கும், கரண்டி தவறாக இருக்கும், மாவு ஒழுங்காகக் கலந்திருக்காது, அல்லது ஓவன் சூடாகியிருக்காது. பவுடரைக் கூட்டினால் இந்தக் கோளாறு எதுவும் தீராது. அதன்மேல் புதிதாக இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

## முதலில் அளவைச் சரிபாருங்கள்

உப்பில்லாத வகை: 150 கிராம் மைதாவுக்கு 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் குறிப்புகளுக்குப் பொதுவாக இது பொருந்தும்.

உப்புள்ள வகை: ஒரு கப், அதாவது சுமார் 125 கிராம் மைதாவுக்கு 1½ தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ¼ தேக்கரண்டி உப்பு. அமெரிக்கக் குறிப்புகளுக்கு இது.

தேக்கரண்டி என்றால் 5 மில்லிலிட்டர் அளவுக் கரண்டி. தலை தட்டி அளக்க வேண்டும். ஒரு கிலோ மைதாவை மொத்தமாகக் கலந்து வைப்பவர்கள் 12, 13 தேக்கரண்டி என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிடத் தராசில் சுமார் 55 கிராம் நிறுத்துப் போடுவது நல்லது. எண்ணும்போது நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போட்டது ஏழா எட்டா என்று தெரியாமல் போய்விடும்.

கலக்கும் முறையும் அளவுக்குச் சமமான முக்கியத்துவம் உள்ளது. மாவையும் பவுடரையும் சேர்த்துச் சல்லடையில் இரண்டு முறை சலியுங்கள். பிறகு உலர்ந்த பாத்திரத்தில் விஸ்க்கால் (கம்பிக் கலக்கி) அரை நிமிடம் நன்றாகச் சுழற்றுங்கள். சலிப்பது கட்டிகளை உடைக்கும். பவுடரை மாவெங்கும் பரப்புவது விஸ்க்கின் வேலை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

## அறிகுறி: எழும்பவே இல்லை, அடர்த்தியாக உட்கார்ந்துவிட்டது

### முதல் சந்தேகம்: பேக்கிங் பவுடர் நமுத்துவிட்டதா?

கால் கப் சூடான நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து அதில் அரைத் தேக்கரண்டி பவுடரைப் போடுங்கள். டம்ளரைக் காதருகே கொண்டுபோங்கள். நல்ல பவுடராக இருந்தால் நீரைத் தொட்ட கணமே சீறும் சத்தம் கேட்கும். வெண்ணுரை பொங்கி மேலே ஏறும். அடியிலிருந்து நுண்குமிழிகள் சில நொடிகள் விடாமல் வந்துகொண்டிருக்கும். வீரியம் போன பவுடர் ஒன்றிரண்டு குமிழியை விட்டுவிட்டு அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். இடைப்பட்டதும் உண்டு. நுரை வரும், ஆனால் மந்தமாக வரும். அதையும் தூக்கி எறிந்துவிடுங்கள். பாதி வீரியத்துக்கு இரண்டு மடங்கு போட்டு ஈடுகட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எவ்வளவு வீரியம் மிச்சம் இருக்கிறது என்பதை டம்ளரைப் பார்த்து யாராலும் அளந்துவிட முடியாது.

இந்தச் சோதனையைக் குளிர்ந்த நீரில் செய்யாதீர்கள். இன்று கிடைக்கும் பெரும்பாலான பேக்கிங் பவுடர்கள் ஈரத்தில் ஒரு முறையும் சூட்டில் ஒரு முறையும் வேலை செய்பவை. குளிர்ந்த நீரில் நல்ல பவுடரும் சோம்பலாகவே தெரியும்.

டப்பாவின் மீதுள்ள காலாவதித் தேதி திறக்காத டப்பாவுக்குத்தான் உத்தரவாதம். திறந்து 6 மாதம் கடந்திருந்தால் தேதி மிச்சம் இருந்தாலும் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே டப்பாவைப் பிடித்துக் கரண்டியை விடுபவர்களின் பவுடர் அதற்கும் முன்பே கெடும். நீராவிக்குத் தேதியெல்லாம் கிடையாது.

### டப்பாவில் இருப்பது பேக்கிங் பவுடர்தானா?

அடையாளச் சீட்டு இல்லாத டப்பாவாக இருந்தால் இந்தக் கேள்வி வரும். பேக்கிங் பவுடர் வெறும் நீரிலேயே நுரைக்கும். சமையல் சோடா சாதாரண நீரில் சத்தமின்றிக் கரையும், வினிகர் பட்டால்தான் பொங்கும். சோளமாவு இரண்டிலும் சும்மா கலங்கி நிற்கும். ஆனால் இந்தச் சோதனை உங்கள் சமையலறையில் இருக்கும் இந்த மூன்றுக்குள் எது என்று பிரித்தறிவதற்கு மட்டுமே. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத வெள்ளைத் தூளை சோதிக்கவும் வேண்டாம், நாக்கில் வைத்தும் பார்க்க வேண்டாம். கொட்டிவிடுங்கள்.

### கரண்டியும் கப்பும்

தேநீர் கலக்கும் கரண்டிகளில் சில 5 மில்லிலிட்டருக்குப் பாதிதான் கொள்ளும், சில கூடுதலாகக் கொள்ளும். அளவுக் கரண்டி இல்லாமல் இந்த மாவைக் கலக்காதீர்கள். இங்கே அதற்கு மாற்று வழி கிடையாது.

கப் அளவில் பிழை எதிர்த்திசையில் நடக்கும். கப்பை மாவுக்குள் அமுக்கி அள்ளினால் 125 கிராமுக்குப் பதில் 140, 150 கிராம் வரை வந்துவிடும். பவுடர் அதே அளவாக இருக்க மாவு கூடிவிடுகிறது, நீர்ப்பதமும் குறைகிறது. கேக் இறுகிப் போக இது ஒன்றே போதும். மாவைக் கரண்டியால் கப்பில் தூவி நிரப்பி, கத்தியின் முதுகால் தலை தட்டுங்கள். தராசு இருந்தால் இந்தப் பத்தியையே மறந்துவிடலாம்.

வேற்று நாட்டுக் குறிப்பைப் பின்பற்றுகிறீர்களா? ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலிட்டர், அதாவது 4 தேக்கரண்டி. பிற இடங்களில் அது பொதுவாக 15 மில்லிலிட்டர், 3 தேக்கரண்டி. கப்பும் ஆஸ்திரேலியாவில் 250 மில்லிலிட்டர், அமெரிக்காவில் அதைவிடச் சற்றுக் குறைவு.

### கலந்த மாவு காத்திருந்ததா?

நீரோ பாலோ முட்டையோ சேர்ந்த நிமிடத்திலிருந்து வாயு வெளியேறத் தொடங்கிவிடும். ஓவனைச் சூடாக்காமல் மாவைக் கரைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தால், எழுப்ப வேண்டிய வாயுவின் ஒரு பங்கு பாத்திரத்திலேயே போய்விடும். வரிசை இதுதான்: ஓவனை இயக்கு, டின்னுக்கு எண்ணெய் தடவு, அதன் பிறகு ஈரத்தைச் சேர். சமையல் சோடாவும் கிரீம் ஆஃப் டார்டர் என்ற அமிலத் தூளும் கலந்து நீங்களே தயாரித்த பவுடர் என்றால் அவசரம் இன்னும் அதிகம். அது ஈரம் பட்டதும் ஏறக்குறைய முழுவதையும் ஒரே மூச்சில் விட்டுவிடும்.

### மாவின் வகை

ரொட்டிக்கான பலமான மாவில் புரதம் 12 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். கேக்குக்கு ஏற்ற சாதாரண மைதாவில் 9 முதல் 11 சதவீதம். பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். முழுக் கோதுமை மாவில் இதே அளவு பவுடர் போட்டால் வேலை செய்யும், ஆனால் மைதா அளவுக்கு எழும்பாது. பாதி மைதா, பாதி கோதுமை என்று கலந்து, நீரைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் எழும்பவில்லை என்றால், குற்றவாளி மாவு இல்லை. கடைசித் தலைப்பில் உள்ள ஓவன் சோதனைக்குப் போங்கள். போகும் முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. மூன்று மேசைக்கரண்டி கலந்த மாவில் கெட்டியான கரைசல் வரும் அளவுக்குப் பால் ஊற்றி, மிதமாகச் சூடான தவாவில் சிறு வட்டமாக ஊற்றுங்கள். மேற்பரப்பில் குமிழிகள் வந்து உடைந்து, திருப்பிப் போட்டதும் தடித்து மெத்தென்று ஆனால் மாவு நல்ல மாவு. தவாவில் எழும்பியது ஓவனில் எழும்பவில்லை என்றால் பழி ஓவன்மீதுதான்.

## அறிகுறி: நன்றாக எழும்பி, பிறகு நடுவில் அமுங்கிவிட்டது

இதைக் கண்டுதான் பலர் ஏமாறுகிறார்கள். அமுங்கிய கேக்கைப் பார்த்ததும் எழுப்பும் சக்தி போதவில்லை என்று நினைப்பார்கள். பல நேரங்களில் சக்தி அதிகமாகிவிட்டதால்தான் அமுங்குகிறது. கேக்கை நடுவே வெட்டி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அது பேசும்.

வெட்டுமுகத்தின் மேற்பகுதியில் பெரிய, ஒழுங்கற்ற துளைகள், பொலபொலவென்று உதிரும் பதம், ஓவனுக்குள்ளேயே விளிம்பைத் தாண்டி வேகமாக எழும்பியது: பவுடர் அதிகம். குமிழிகள் அளவுக்கு மீறிப் பெருகி, சுவர் வேகும் முன்பே உடைந்துவிட்டன. நீங்கள் குவித்து அளந்தீர்களா என்று பாருங்கள். அடுத்து, குறிப்பைத் திரும்பப் படியுங்கள். சாதாரண மைதாவும் பேக்கிங் பவுடரும் கேட்கும் குறிப்பில் கலந்த மாவைப் போட்டு, அதன்மேல் அவர்கள் சொன்ன பவுடரையும் போட்டால் இரண்டு மடங்காகிவிடும். அதே சமயம், செல்ஃப் ரெய்சிங் மாவைக் கேட்டுவிட்டு அதற்கு மேலும் ஒரு தேக்கரண்டி பவுடர் கேட்கும் குறிப்புகளும் உண்டு. அவை தெரிந்தே அப்படி எழுதப்பட்டவை. அங்கே அந்தப் பவுடரை விட்டுவிடாதீர்கள்.

நடுவில் பிசுபிசுப்பான ஈரப் பட்டை, பளபளவென்று இறுகிய கோடு: வேகவில்லை. துளைகள் சிறியவையாக இருந்தால் பவுடர்மீது குற்றமில்லை. மெல்லிய குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் ஈர மாவு ஒட்டக்கூடாது. சமையல் வெப்பமானி இருப்பவர்கள் கேக்கின் நடுப்பகுதி 95 டிகிரி செல்சியஸைத் தாண்டியதா என்று பார்க்கலாம்.

இரண்டும் இல்லை என்றால் கதவைத் திறந்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மொத்த நேரத்தில் முக்கால் பங்கு முடியும் வரை ஓவன் கதவைத் திறக்க வேண்டாம். டின்னும் காரணமாகலாம். குறிப்பில் சொன்னதைவிடச் சிறிய டின்னில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால், ஓரம் வெந்து நடு வேகாமல் நிற்கும்.

மலைப்பகுதியில் வசிப்பவர்களுக்குத் தனிக் காரணம் உண்டு. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதே வாயு கூடுதலாக விரியும். சுமார் 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு தேக்கரண்டி பேக்கிங் பவுடருக்கும் ⅛ தேக்கரண்டி குறையுங்கள். 2,000 மீட்டரைத் தாண்டினால் ¼ தேக்கரண்டி குறைக்கலாம். பவுடரைக் கூட்டுவது கேடு என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. சமவெளியில் சரியாக வந்த அதே அளவு, மலையில் அதிகமாகிவிடுகிறது.

## அறிகுறி: சில கப் கேக்குகள் எழும்பின, சில எழும்பவில்லை

ஒரே கரைசலிலிருந்து ஊற்றியவை இப்படி வந்தால் முதலில் கலவையைச் சந்தேகியுங்கள். எழும்பியவையும் எழும்பாதவையும் தட்டில் சிதறலாக இருந்தால் பவுடர் மாவில் பரவவில்லை. இரண்டு முறை சலித்து, விஸ்க்கால் சுழற்றினால் தீர்ந்துவிடும்.

ஒரு பக்கத்து வரிசை முழுவதும் உயர்ந்தும் எதிர்ப்பக்கம் தாழ்ந்தும் இருந்தால் ஓவனின் சூடு ஒரு பக்கம் அதிகம். முக்கால் பங்கு நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள்.

மொத்தமாகக் கலந்து பெரிய டப்பாவில் வைத்திருக்கும் மாவு நாள்பட நிற்கும்போதும் எடுத்துப் போகும்போதும் குலுங்கி, சீரற்றுப் போகலாம். ஒவ்வொரு முறை அளக்கும் முன்பும் உலர்ந்த கரண்டியால் அடிவரை கிளறிவிடுங்கள். நான் டப்பாவை மூடித் தலைகீழாகச் சில முறை புரட்டிவிட்டுத்தான் திறப்பேன்.

## அறிகுறி: சோப்புச் சுவை, கசப்பு, உலோக வாடை

மூன்றும் வெவ்வேறு. வாயில் வைத்துச் சற்று நிதானமாகக் கவனித்தால் பிரித்தறியலாம்.

சோப்புச் சுவை என்றால் சோடா. பேக்கிங் பவுடருக்குப் பதிலாகச் சமையல் சோடாவை அதே அளவில் போட்டுவிட்டீர்கள், அல்லது சோடாவுக்கு ஈடான அமிலம் இல்லை. சோடா பேக்கிங் பவுடரைவிட மூன்று நான்கு மடங்கு வலிமையானது. இதற்கு வேறு சாட்சிகளும் உண்டு. மேல்தோல் நேரத்துக்கு முன்பே கருஞ்சிவப்பாகும். உட்பகுதி மஞ்சள் சாயலாகும். கேக்கில் ப்ளூபெர்ரி போட்டிருந்தால் பழத்தைச் சுற்றிப் பச்சை படரும். சூரியகாந்தி விதை போட்டிருந்தால் விதையே பச்சையாகிவிடும். பச்சையைக் கண்டு பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். காரத்தன்மை கூடியதால் வந்த நிறமாற்றம் அது.

பேக்கிங் பவுடர் இல்லாமல் சோடாவால் ஈடுகட்ட வேண்டுமானால் கணக்கு இது: 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடருக்கு ¼ தேக்கரண்டி சோடா, ½ தேக்கரண்டி கிரீம் ஆஃப் டார்டர். கிரீம் ஆஃப் டார்டர் இல்லையென்றால் ¼ தேக்கரண்டி சோடாவோடு அரை கப் மோரோ தயிரோ சேர்த்து, குறிப்பிலுள்ள மற்ற திரவத்தில் அரை கப்பைக் குறைத்துவிடுங்கள். இந்த இரண்டாவது வழி உடனே சுடுவதற்கு மட்டுமே. அமிலம் ஈரமாக இருப்பதால் இதை முன்கூட்டியே மாவாகக் கலந்து வைக்க முடியாது.

உலோக வாடை என்றால் பவுடரின் வகை. சில பேக்கிங் பவுடர்களில் அலுமினிய உப்பு அமிலமாகச் சேர்க்கப்பட்டிருக்கும். எல்லோருக்கும் இது தெரிவதில்லை. தெரிபவர்களுக்கு நன்றாகவே தெரியும். பொருள் பட்டியலில் சோடியம் அலுமினியம் சல்ஃபேட் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாத பிராண்டுக்கு மாறினால் தீர்ந்தது.

கசப்பு என்றால் பெரும்பாலும் பவுடர் அதிகம், அல்லது கட்டி கரையவில்லை. ஒரு துண்டு கசந்து அடுத்த துண்டு நன்றாக இருந்தால் கட்டிதான்.

## அறிகுறி: மேல்தோலில் பழுப்புப் புள்ளிகள்

கரையாத பவுடர் அல்லது சோடாத் துகள்கள். சலிக்காததன் விளைவு. கேக்கைத் தாராளமாகச் சாப்பிடலாம். டப்பாவில் பவுடரே கட்டி தட்டியிருந்தால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. டம்ளர் சோதனை செய்யுங்கள்.

## அறிகுறி: ரப்பராக இழுக்கிறது, உள்ளே நீண்ட பொந்துகள்

மஃபினை மேலிருந்து கீழாக வெட்டினால், அடியிலிருந்து உச்சியை நோக்கிப் புழு குடைந்தது போல வழிகள் தெரியும். துளைகளின் சுவர் வழவழப்பாக இருக்கும். இது அளவுக்கு மீறிக் கலக்கியதன் முத்திரை. ஈரம் பட்ட மைதாவைக் கலக்கக் கலக்க அதன் பசைத்தன்மை ஏறும். வாயு சமமாகப் பரவ வழியில்லாமல் பொந்து போட்டு வெளியேறும்.

இங்கே ஒரு முரண்பாடு தெரியலாம். விஸ்க்கால் நன்றாகச் சுழற்றச் சொன்னதும் நான்தான். உலர்ந்த நிலையில் எவ்வளவு கலந்தாலும் கெடுதி இல்லை. ஈரம் சேர்ந்த பிறகு உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை மட்டும் புரட்டுங்கள். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். மஃபினுக்கும் பான்கேக்குக்கும் அவை வெந்துவிடும். வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துச் செய்யும் கேக்கில் அடிக்கும் வேலையை மாவு சேர்க்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

கலக்கியது அளவாகத்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மாவின் புரதத்தைப் பாருங்கள். பலமான மாவாக இருந்தால் ஒவ்வொரு கப்பிலும் 2 மேசைக்கரண்டி மாவை எடுத்துவிட்டு அதே அளவு சோளமாவைச் சேருங்கள்.

## அறிகுறி: உச்சி வெடித்து எரிமலையாகிவிட்டது

ஓவன் சூடு அதிகம், அல்லது தட்டு மேல் கம்பிக்கு மிக அருகில். மேல்தோல் சீக்கிரம் இறுகிவிட, உள்ளே இருந்து எழும்பும் மாவு அதை உடைத்துக்கொண்டு வருகிறது. விசிறி உள்ள ஓவனில் குறிப்பின் வெப்பத்திலிருந்து 20 டிகிரி குறையுங்கள். நீள்சதுர டின்னில் சுடும் கேக்கில் நடுவே ஒரு வெடிப்பு வருவது இயல்பு; அதைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

## அறிகுறி: உப்புக் கரிக்கிறது

உப்புள்ள வகை மாவைக் கலந்து, குறிப்பிலுள்ள உப்பையும் போட்டு, உப்பிட்ட வெண்ணெயும் சேர்த்திருப்பீர்கள். மூன்றில் ஒன்று போதும். கலந்து வைத்த டப்பாவின்மேல் உப்பு உண்டா இல்லையா என்று எழுதி ஒட்டுங்கள். என்னைக் கேட்டால் உப்பில்லாத வகையையே கலந்து வைக்கச் சொல்வேன். தேவைப்படும்போது உப்பைச் சேர்க்க முடியும். சேர்ந்த உப்பை எடுக்க முடியாது.

## அறிகுறி: சேமித்த மாவு முதலில் நன்றாக இருந்தது, இப்போது எழும்பவில்லை

1845-ல் பிரிஸ்டல் நகரத்து ரொட்டி வணிகர் ஹென்றி ஜோன்ஸ் இந்த வகை மாவுக்குக் காப்புரிமை பெற்றார். ஈஸ்ட் இல்லாமல் கப்பலில் புது ரொட்டி சுட முடியும் என்பது அதன் பெரிய பயன். சோடாவும் அமிலமும் மாவுக்குள் அருகருகே இருந்தாலும் ஈரம் படும் வரை ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது என்பதில்தான் அந்த மாவே நிற்கிறது. உங்கள் டப்பாவும் அதே நிபந்தனையில்தான் நிற்கிறது.

ஈரக் கரண்டி விழுந்ததா, மூடி இறுகப் பொருந்துகிறதா, அடுப்புக்கும் கழுவு தொட்டிக்கும் அருகில் வைத்தீர்களா என்று பாருங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால், எடுத்ததும் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். இல்லாவிட்டால் உள்ளே நீர் பூக்கும். 3 மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் கலந்து, தேதி எழுதி வையுங்கள்.

எழும்பவில்லை என்பதோடு சிக்கு வாடையும் வந்தால் மாவே கெட்டுவிட்டது. முழுக் கோதுமையில் இது சீக்கிரம் வரும். வண்டு, புழு, நூலாம்படை தெரிந்தாலும் சலித்துப் பயன்படுத்தாதீர்கள். மொத்தத்தையும் கொட்டி, டப்பாவைக் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். நல்ல மாவாகவே இருந்தாலும் பச்சை மாவையோ கரைசலையோ சுவைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பச்சை மாவில் ஈ. கோலை, சால்மோனெல்லா கிருமிகள் இருக்கக்கூடும். உப்புப் போதுமா என்பதைத் தவாவில் ஊற்றிய சிறு வட்டத்தில் பாருங்கள்.

## கடைசிச் சந்தேகம்: ஓவன். எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்?

விளக்கு அணைந்ததும் ஓவன் சூடாகிவிட்டது என்று நம்பாதீர்கள். விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடம் விடுங்கள். ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றை நடுத் தட்டில் வைத்து, 180 டிகிரியில் 20 நிமிடம் ஓடவிட்டு, ஐந்து நிமிட இடைவெளியில் நான்கு முறை குறித்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்குவது இயல்பு; சராசரியைப் பாருங்கள். வெப்பமானி இல்லாதவர்களுக்குச் சர்க்கரை உதவும். சர்க்கரை உருகுவது சுமார் 186 டிகிரியில். பட்டர் பேப்பரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையை வைத்து 175 டிகிரியில் 15 நிமிடம் விடுங்கள், உருகக் கூடாது. புதுச் சர்க்கரையை 190 டிகிரியில் அதே நேரம் விடுங்கள், உருக வேண்டும். முதலாவதில் உருகினால் ஓவன் காட்டுவதைவிடச் சூடாக ஓடுகிறது. இரண்டாவதில் உருகவில்லை என்றால் குளிர்ந்து ஓடுகிறது.

10, 15 டிகிரி வித்தியாசத்துக்கு ஆள் தேவையில்லை. திருகியை அந்த அளவு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பல ஓவன்களில் வித்தியாசத்தைத் திருத்தும் அமைப்பும் உண்டு, கையேட்டில் இருக்கும். கதவின் ரப்பர் பட்டை கிழிந்து சூடு கசிந்தால் அதை மட்டும் வாங்கி மாற்றலாம்.

பழுதுபார்ப்பவரைக் கூப்பிட வேண்டியவை இவை: வித்தியாசம் 30 டிகிரியைத் தாண்டுகிறது, அல்லது நாளுக்கு நாள் மாறுகிறது. சூடேற்றும் கம்பியின் ஒரு பகுதி மட்டும் சிவக்கிறது, பொறி பறக்கிறது. ஓவனைப் போட்டதும் மின்சாரம் துண்டிக்கிறது. ஓவனின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் மின்னதிர்ச்சி தெரிகிறது. இதில் பிளக்கைக்கூட நீங்கள் தொட வேண்டாம், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். எரிவாயு ஓவனில் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக அலைகிறது.

எரிவாயு வாசனை வந்தால் இது எதற்கும் காத்திருக்க வேண்டாம். வால்வை மூடுங்கள், ஜன்னல்களைத் திறங்கள், எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். எல்லோரும் வெளியே வந்த பிறகு அவசர உதவியை அழையுங்கள்.

மருத்துவரைக் கேட்க வேண்டிய இடங்களும் உண்டு. ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரில் உள்ள சோடியம் பல பிராண்டுகளில் 400 மில்லிகிராமைத் தாண்டும். சிறுநீரகக் கோளாறோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவருக்குத் தொடர்ந்து இந்த மாவில் செய்து கொடுப்பதானால் முன்பே கேட்டுவிடுங்கள். சோடாவையோ பேக்கிங் பவுடரையோ குழந்தை வாரி விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் எதையும் முயலாமல், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஓவனுக்கு ஆள் வரும்போது, குறித்து வைத்த வெப்ப அளவுகளை அவரிடம் காட்டுங்கள். கேக் எழும்பவில்லை என்று மட்டும் சொன்னால் ஓவன் சூடாகிறதா என்று கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடக்கூடும். 180-ல் வைத்தால் 145-ல் நிற்கிறது என்று எண்ணோடு சொன்னால், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து சோதனையைத் தொடங்குவார்.